பூச்சித் தபால்: மண்டையோடு முதல் தீப்பெட்டி வரை

இந்த மாதப் பையைக் கொட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே ஊருக்குப் போகும் கடிதங்கள் மாதிரி இருக்கின்றன. எல்லாம் பருந்து அந்துப்பூச்சி, ஆங்கிலத்தில் ஹாக்மாத். பெங்களூரில் நாலு மழை பெய்து மண் இளகியதும், உள்ளே கிடந்த கூட்டுப்புழுக்கள் சொல்லிவைத்தாற்போல் வெளியே வந்துவிடுகின்றன. புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பூச்சியியல் படித்தவன் அல்லன். 34 ஆண்டுகள் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் சேவையில் கடிதம் பிரிக்கும் சார்ட்டர். இரவுப் பணியில் டியூப்லைட்டுக்கு வந்த பூச்சிகளைப் பார்த்துப் பார்த்துப் பிடித்த பைத்தியம் இது. ஓய்வு பெற்ற பிறகும் பிரிக்கிற வேலை மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

ஆடி வெள்ளியன்று விளக்கேற்றப் போனேன். பூஜை அறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சி. முதுகில் மண்டையோடு எழுதினாற்போல் இருக்கிறது. துடைப்பத்தால் தொட்டதும் சுண்டெலி மாதிரிக் கத்தியது. மாமியார் அன்று சாப்பிடவே இல்லை. இரண்டு படம் அனுப்பியிருக்கிறேன். என்ன இது? கெட்ட சகுனமா? — வாசகி, அல்சூர்

முதலில் மாமியாரைச் சாப்பிடச் சொல்லுங்கள் அம்மா. உங்கள் வீட்டுக்கு வந்தது தேன் திருடன். எமன் வீட்டு ஆள் என்று யாரும் சொல்லி நம்பவேண்டாம்.

மண்டையோட்டுப் பருந்து அந்துப்பூச்சியில் உலகம் முழுவதற்கும் மூன்றே இனங்கள். அகெரான்ஷியா அட்ரோபாஸ் என்பது ஆப்பிரிக்கா, ஐரோப்பா, மேற்காசியப் பக்கம். நம் பங்குக்கு இரண்டு: ஸ்டிக்ஸ், லாக்கெசிஸ். இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். கரும்பழுப்பு மரப்பட்டை நிறம், முதுகில் மண்டையோடு. அந்த மண்டையோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடியும் வரை பார்க்கலாம், விடை வராது. முகவரி எழுதியிருக்கும் இடம் பின்னிறக்கை. முன்னிறக்கைக்கு அடியில் மடங்கிக் கிடப்பது.

உங்கள் முதல் படத்தில் அது தெரியவில்லை. துடைப்பம் பட்ட பிறகு எடுத்த இரண்டாவது படம்தான் பிரமாதம். கோபத்தில் இறக்கையைத் தூக்கியிருக்கிறது. பின்னிறக்கை நல்ல மஞ்சள். அதன் குறுக்கே இரண்டு கரும்பட்டைகள், உள்பட்டை ஒல்லி, வெளிப்பட்டை சற்றே தடிமன். உடலை ஒட்டிய அடிப்பகுதியில் கறுப்பு அப்பவில்லை, மஞ்சளாகவே இருக்கிறது. ஆகவே இது ஸ்டிக்ஸ். லாக்கெசிஸாக இருந்திருந்தால் அடிப்பகுதியிலேயே மை கொட்டினாற்போல் கறுத்திருக்கும். பட்டைகளும் அகலமாக, மஞ்சளுக்கு இடுக்குகளில் மட்டுமே இடம் விட்டிருக்கும். ஆளும் இன்னும் கனமானது. விரித்த இறக்கை 13 சென்டிமீட்டர் வரை வரும்.

கத்தல் விஷயம். அதற்குக் குரல்வளை கிடையாது. காற்றைத் தொண்டைக்குள் இழுத்து, திரும்பவும் வெளியே தள்ளுகிறது. துருத்தி அமுக்கினால் ஆர்மோனியம் எப்படிச் சத்தம் போடுமோ அப்படி. மற்ற பருந்து அந்துப்பூச்சிகளுக்கு நூல் போல நீண்ட உறிஞ்சுகுழல் இருக்கும். இதற்கு மட்டும் குட்டையாக, தடித்து, முனை கூராக இருக்கிறது. தேனீக் கூட்டுக்குள் நுழைந்து, மெழுகு மூடியைக் குத்தி, தேனை உறிஞ்ச வசதியாக. தேனீக்களின் உடலில் உள்ளது போன்ற வாசனையே இதன் உடலிலும் இருப்பதால் காவலைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. உங்கள் கட்டடத்தில் எங்கேயாவது சுவர் இடுக்கில் தேனீ இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டைமாடியில் அவரைக் கொடியோ கத்தரியோ மல்லிகையோ வைத்திருந்தால் அதையும் பாருங்கள். இதன் புழு அவற்றைத் தின்னும். ஊர்ப்பக்கம் எள் விதைத்தவர்களுக்கு இந்தப் புழுவைத் தெரியாமல் இருக்காது. விரல் தடிமனில், பின்பக்கம் ஒரு கொம்போடு இருக்கும். அந்தக் கொம்பு சொரசொரப்பாக, நுனி சுருண்டு, பன்றிவால் மாதிரி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சகுனத்தைப் பற்றி: அட்ரோபாஸ், லாக்கெசிஸ் இருவரும் கிரேக்கக் கதைகளில் ஆயுள் நூலைக் கையாளும் தேவதைகள். லாக்கெசிஸ் அளப்பவள், அட்ரோபாஸ் அறுப்பவள். ஸ்டிக்ஸ் என்பது செத்தவர்கள் கடக்கும் ஆறு. ஆக, லத்தீனில் பெயர் வைத்த பெரிய பெரிய அறிஞர்களுக்கும் உங்கள் மாமியாருக்கும் தோன்றியது ஒன்றேதான். 1987 என்று நினைவு. ஜோலார்பேட்டைக்குப் போக வேண்டிய தபால் பையின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. கட்ட வேண்டியவர் பையைத் தொட மறுத்துவிட்டார். நான் போய்ப் பூச்சியைக் கையால் எடுத்தேன். கையிலேயே கத்தியது. அதிர்வு மணிக்கட்டு வரை தெரிந்தது. பை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பூச்சியை வெளியே வேப்பமரத்தில் விட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிடம் தாமதத்துக்கு மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சகுனத்தில் சேர்ப்பதானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பால்கனியில் நந்தியாவட்டை இலையெல்லாம் மொட்டையாகிவிட்டது. தேடியதில் பச்சை நிறத்தில் கட்டைவிரல் பருமன் புழு ஒன்று. தொட்டதும் தலையை உள்ளிழுத்துக்கொண்டு இரண்டு நீலக் கண்ணால் முறைக்கிறது. என் மகன் வளர்க்க வேண்டும் என்கிறான். கொட்டுமா? — வாசகி, கம்மனஹள்ளி

கொட்டாது, கடிக்காது, அரிக்காது. பின்னால் நிற்கும் கொம்பு வெறும் அலங்காரம். அந்த நீலக் கண்ணும் கண் அல்ல, தோலில் உள்ள பொட்டு; பறவையைப் பயமுறுத்துவதற்கு. நிஜக் கண் தலையில் மிளகு முனை அளவில் இருக்கும், பூதக்கண்ணாடி வேண்டும்.

இது அரளிப் பருந்து அந்துப்பூச்சி, டாஃப்னிஸ் நீரியை. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி மூன்றும் இதற்கு விருந்து. பால் வடியும் அரளியை ஆடு மாடு தொடாது, இது ஆசையாகத் தின்னும்.

பையன் வளர்க்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை, தினமும் புதிய இலை. பழைய இலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற கதை ஆகாது. எச்சம் மிளகு மிளகாக விழும். அதையும் தட்ட வேண்டும். ஒரு நாள் பச்சை மங்கிப் பழுப்பாக மாறி, தின்பதை விட்டுவிட்டுப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடும். நோய் வந்துவிட்டதென்று பயப்படவேண்டாம். கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. பெட்டியின் அடியில் கொஞ்சம் மண், அதன் மேல் சருகு போட்டுவிடுங்கள். சருகுகளை மெல்லிய நூலால் பிணைத்துக்கொண்டு உள்ளே படுத்துவிடும். இந்த வெப்பத்தில் இரண்டு வாரத்துக்கு முன்பின் ஆகும். பெட்டிக்குள் ஒரு குச்சியைச் சாய்த்து வைக்க மறந்துவிடாதீர்கள். வெளியே வந்த பூச்சி ஏறித் தொங்கினால்தான் இறக்கை விரியும். நான் முதல் முறை வைக்கவில்லை. இறக்கை சுருங்கிப்போன அந்தப் பூச்சி மூன்று நாள் தரையிலேயே நடந்துகொண்டிருந்தது.

வந்ததும் பையனை முன்னிறக்கையின் நுனியைப் பார்க்கச் சொல்லுங்கள். இதே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் இதே கூட்டத்தில், டாஃப்னிஸ் ஹைப்போதஸ் என்று ஒன்று இருக்கிறது. பச்சைப் பளிங்குக் கோலம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஹைப்போதஸ் இன்னும் இருண்டது, முன்னிறக்கையின் நுனிக்கோடியில் சின்ன வெள்ளைப் பொட்டு ஒன்று பளிச்சென்று இருக்கும். நீரியைக்கு அந்தப் பொட்டு இல்லை. சாப்பாடும் வேறு, ஹைப்போதஸ் புழு பெரும்பாலும் காப்பிச் செடியின் குடும்பத்துச் செடிகளைத் தேடிப் போகும். நந்தியாவட்டையிலிருந்து எடுத்த புழுவுக்குப் பாதி விலாசம் அப்போதே எழுதியாகிவிட்டது.

எங்கள் குடியிருப்பின் பூங்காவில் ஹம்மிங்பேர்டு வந்தது. நான்கு விநாடிக் காணொளி இருக்கிறது. இந்தியாவில் இது முதல் பதிவா? — வாசகர், ஒயிட்ஃபீல்டு

இல்லை. ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களை விட்டு எங்கும் இல்லாத பறவை. ஆனால் ஆண்டுக்கு ஐந்தாறு பேராவது இதே கேள்வியோடு வருகிறீர்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. காணொளியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: தலையில் இரண்டு உணர்கொம்புகள் தெரிகின்றன. எந்தப் பறவைக்கும் அது கிடையாது. நம் ஊர்த் தேன்சிட்டும் ஓரிரு நொடி அந்தரத்தில் நிற்கும். பிறகு கிளையைப் பிடித்து உட்கார்ந்துதான் நிதானமாகக் குடிக்கும். உங்கள் ஆள் கடைசி வரை உட்காரவே இல்லை.

இது பகலில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சி. பெங்களூரில் பகலில் பூவுக்குப் பூ நிற்பவற்றில் முதலில் பார்க்க வேண்டியது, இறக்கை கண்ணாடியா என்பது. கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்து, உடல் இளம்பச்சையாக இருந்தால் செஃபோனோடெஸ். காப்பித் தோட்டக்காரர்களுக்குப் பழக்கமானது. கூட்டிலிருந்து வரும்போது அதன் இறக்கையிலும் செதில் உண்டு. முதல் பறத்தலிலேயே உதறிவிட்டுக் கண்ணாடியாகிவிடுகிறது. உங்கள் படத்தில் இறக்கை பழுப்பு. அடிக்கும்போது பின்னிறக்கையில் மஞ்சள் மின்னுகிறது. வயிற்றின் பக்கவாட்டிலும் மஞ்சள் திட்டுகள். எனவே மாக்ரோகுளோசம். அதோடு நிறுத்திக்கொள்கிறேன். இணையத்தில் தேடினால் மாக்ரோகுளோசம் ஸ்டெல்லடாரம் என்று முதலில் வந்து நிற்கும். அது ஐரோப்பாவில் பெயர் வாங்கியது, நம் நாட்டில் வடக்கே இமயத்தை ஒட்டிய பகுதிகளில் பார்க்கலாம். தென்னிந்தியாவில் இதே பேரினத்தில் பல இனங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்கப் பின்னிறக்கை மஞ்சள்பட்டையின் வடிவமும் முன்னிறக்கைக் கோடுகளின் வளைவும் அசையாமல் தெரிய வேண்டும். நான்கு விநாடி போதாது.

பருந்து அந்துப்பூச்சி சட்டையை அரிக்குமா? — வாசகர், ஆஸ்டின் டவுன்

அரிக்காது. கம்பளியை அரிப்பது அரிசி அளவே உள்ள வேறு ஒரு பூச்சியின் புழு. உங்கள் சட்டை பருத்தியாக இருந்தால் அதுவும் தொடாது.

காசித்தும்பைத் தொட்டிக்கு மேல் மாலையில் வரும் பூச்சியின் உடலில் வெள்ளிக் கோடு இருக்கிறது. ஒருவர் தெரெட்ரா என்கிறார், இன்னொருவர் ஹிப்போஷன் என்கிறார். — வாசகி, ஜெயநகர்

இருவரும் கோடு எந்த இடத்தில் என்று கேட்காமலே சொல்லியிருக்கிறார்கள். வயிற்றின் மேல்பக்கத்தைப் பாருங்கள். நடு முதுகில் ரயில் தண்டவாளம்போல் இரண்டு வெள்ளிக் கோடுகள் ஓடினால் தெரெட்ரா ஓல்டன்லாண்டியே. ஒரே கோடு என்றால் தெரெட்ரா சில்ஹெட்டென்சிஸ். கோடு முன்னிறக்கையில், அடியிலிருந்து நுனிவரை ஒரு வெள்ளி வாள் கிடத்தியது மாதிரி இருந்து, பின்னிறக்கை ரோஜா நிறமாக இருந்தால் ஹிப்போஷன் செலேரியோ. முதல் இரண்டுக்கும் பின்னிறக்கை மங்கல், ரோஜா கிடையாது. படத்தை மேலிருந்து எடுங்கள். பக்கவாட்டில் எடுத்தால் தண்டவாளம் இரண்டும் ஒன்றாகத் தெரிந்து என்னையும் ஏமாற்றும். தொட்டியில் காசித்தும்பை இருக்கிறதென்றால் என் ஊகம் தண்டவாளக்காரன் பக்கம்தான். அதன் புழு காசித்தும்பையை விரும்பித் தின்னும்.

சென்ற இதழில் நான் அனுப்பிய சாம்பல் நிறப் பூச்சிக்கு ‘சைலோகிராமா’ என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துவிட்டீர்கள். கைபேசிச் செயலி அதே படத்துக்கு முழுப் பெயரும் கொடுத்தது, அதுவும் ஒரு நொடியில். உங்களுக்கு ஏன் தயக்கம்? — வாசகர், ஸ்ரீராமபுரம்

கேட்டது நல்லதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1972 ஆகஸ்டு 15-ல் பின்கோடு வந்தது. ஆறு எண்கள். உங்கள் ஸ்ரீராமபுரத்துக்கு 560021. முதல் மூன்று எண் 560 என்றால் கடிதம் பெங்களூருக்கு. அடுத்த மூன்றுதான் எந்தத் தபால் நிலையம் என்பது. மழையில் நனைந்து கடைசி மூன்றும் கரைந்துபோன உறை வரும். தெருவும் படிக்க முடியாது. நான் என்ன செய்வேன்? 560 வரை நிச்சயம், எனவே பெங்களூர்ப் பையில் போடுவேன். ‘021 மாதிரிதான் இருக்கிறது’ என்று ஸ்ரீராமபுரத்துக்குத் தள்ளிவிட்டால் என் மேசை காலியாகிவிடும், கடிதம் மட்டும் ஊர் சுற்றும். பேரினம் என்பது அந்த முதல் மூன்று எண்.

உங்கள் படத்தில் உள்ளது மரமல்லி வரிசை இருக்கிற எந்தத் தெருவிலும் வரக்கூடிய பூச்சி. சாம்பல் இறக்கையில் பென்சிலால் கிறுக்கியது மாதிரி கருங்கோடுகள், தோளின் இருபுறமும் கரும்பட்டை. சைலோகிராமா என்பதில் ஐயமில்லை. அதற்குள் மெனெஃப்ரான், இன்கிரீட்டா, வேட்டஸ் என்று ஒன்றை ஒன்று உரித்துவைத்தவை இருக்கின்றன. முன்பு ஒரே பெயரில் போட்டுவந்ததைப் பின்னால் பலவாகப் பிரித்தார்கள். அவற்றைப் பிரிக்க வயிற்று நுனியின் இனப்பெருக்க உறுப்புகளை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உங்கள் செயலி அறுத்துப் பார்த்திருக்காது. நிறைய பேர் எந்தப் பெயரைப் போட்டிருக்கிறார்களோ அதையே எடுத்து நீட்டியிருக்கும்.

தயக்கத்துக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. என் பழைய குறிப்பேட்டில் ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு பூச்சிகள். இரண்டும் பசுமை கலந்த பழுப்பு. ‘அ’வுக்கு முன்னிறக்கை நடுவில் வெள்ளிப் பொட்டு இருக்கும், ‘ஆ’வுக்கு இருக்காது. பல ஆண்டுகள் தனித்தனிப் பக்கத்தில் தேதி எழுதிவந்தேன். ‘அ’ மழைக்கு முன், ‘ஆ’ மழைக்குப் பின் என்று ஒரு கொள்கைகூட வைத்திருந்தேன். நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு. 1996-ல் குடியிருப்புச் சுவரோரக் களாச்செடியில் ஏழு புழுக்கள் கிடைத்தன. ஒரே செடி, ஏறக்குறைய ஒரே வயது. ஒரே பழைய பிஸ்கட் டின்னில் வளர்த்தேன். ஏழும் பூச்சியாயின: நான்கில் பொட்டு, மூன்றில் இல்லை. டின்னை மூடவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு நூல்களில் தேடியபோது இரண்டும் நெஃபெலி ஹெஸ்பெரா என்கிற ஒரே இனம், பொட்டு இருப்பதும் இல்லாததும் அதன் இயல்பு என்று தெரிந்தது. இரு பக்கங்களையும் ஒட்டி ஒன்றாக்கினேன். பசைக்கறை இன்னும் இருக்கிறது.

ஆக, கண்ணில் பளிச்சென்று படுகிற அடையாளம் சில நேரம் ஒன்றுமே இல்லை. காரவாரில் வன அதிகாரியாக இருந்த பெல் என்பவரும் ஸ்காட் என்பவரும் சேர்ந்து 1937-ல் இந்தியப் பருந்து அந்துப்பூச்சிகளுக்கு எழுதிய தடித்த நூலில் இறக்கையோடு விட்டுவிடாமல் புழுவுக்கும் அது தின்னும் செடிக்கும் அவ்வளவு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். புழு வளர்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

உங்களுக்கு முழுப் பெயர் வேண்டுமென்றால் அடுத்த முறை மரமல்லியில் புழுவைப் பார்த்து வளர்த்து, எல்லா நிலைக்கும் படம் எடுத்து, தேதியும் இடமும் எழுதி வையுங்கள். அப்போதும் சைலோகிராமா என்று மட்டுமே நான் எழுதக்கூடும். திட்டி இன்னொரு கடிதம் போடுங்கள்.

வீட்டு விளக்குக்கு இவை வருவது குறைந்துவிட்டது. எங்கே பார்ப்பது? — வாசகர், ஃபிரேசர் டவுன்

விளக்கை மாற்றியிருப்பீர்கள். எல்.இ.டி.யில் புற ஊதா ஒளி ஏறக்குறைய இல்லை, பழைய மெர்குரி விளக்கில் நிறைய உண்டு. விளக்கை நம்பாமல் பூவை நம்புங்கள். மாலை ஆறரை மணிக்கு வெள்ளையாகவும் மணமாகவும் மலர்கிற எதற்குப் பக்கத்திலாவது அரைமணி நேரம் சும்மா நில்லுங்கள். கைபேசி வெளிச்சம் வேண்டாம். ஜூலை கடைசி வாரம் உலகெங்கும் அந்துப்பூச்சி வாரம் கொண்டாடுகிறார்கள். பெங்களூரிலும் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு ஒட்டிக்கொள்ளலாம்.

இத்துடன் ஒரு தீப்பெட்டி அனுப்பியிருக்கிறேன். சர்க்கரைவள்ளி போட்ட சாக்குப்பையைக் கிளறும்போது கிடைத்தது. காது வைத்த கூஜா மாதிரி இருக்கிறது. இது உயிருள்ளதா? — ஆறாம் வகுப்பு மாணவி, கே.ஆர்.புரம்

பாப்பா, முதலில் திட்டு. உயிருள்ள பூச்சியைச் சாதாரணத் தபாலில் அனுப்பவே கூடாது. உறையின் மேல் முத்திரை எவ்வளவு பலமாக விழும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் அடித்த கை எங்களுடையது.

உன் அதிர்ஷ்டம், முத்திரை ஓரத்தில் விழுந்திருந்தது. பெட்டியைத் திறந்தபோது அது வயிற்றை ஒரு முறை இடமும் வலமும் ஆட்டியது. சரி, உயிர் இருக்கிறது. செம்பழுப்பு நிறம், என் சுண்டுவிரலைவிட நீளம். கூஜாக் காது என்று நீ சொன்னது அதன் நாக்கின் உறை. உள்ளே இருக்கும் உறிஞ்சுகுழல் உடலைவிட நீளமானது, உடலுக்குள் அடங்காமல் வெளியே வளைந்து நிற்கிறது. அந்தக் காதை வைத்தும், சர்க்கரைவள்ளிப் பையில் கிடைத்ததை வைத்தும் திறக்காமலே சொல்லலாம்: அக்ரியஸ் கன்வால்வுலி. மண்டையோட்டுப் பூச்சியின் கூட்டுப்புழுவும் மண்ணில்தான் கிடக்கும், அதற்குக் காது இருக்காது.

ஈரமண் போட்ட டப்பாவில் வைத்து, மேலே ஒரு குச்சியும் சாய்த்து வைத்தேன். ஒன்பதாம் நாள் இரவு பத்தரை மணிக்குச் சமையலறைத் திரைச்சீலையில் தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் இறக்கை, வயிற்றின் இருபுறமும் இளஞ்சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள். உறிஞ்சுகுழல் இன்னும் இரண்டு இழையாகப் பிரிந்தே இருந்தது. அது அவற்றைச் சுருட்டியும் நீட்டியும் ஒன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தது. என் மனைவி விளக்கை அணைக்கச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்துவிட்டேன், போய்விட்டது. தீப்பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன், காலியாக.